நாலாவது வாய்தா

வழக்குகள் வயோதிகம் அடைவதைக் கண்டு மனம் வெதும்பிய பாராளுமன்றம், 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, கட்சிக்காரருக்கு 3 வாய்தாவுக்குமேல் கிடையாதென்றும், எதிருரை தாக்கல் செய்ய 90 நாளே உச்ச வரம்பென்றும் விதித்தபோது, சுப்ரீம் கோர்ட்டு வரை படியேறி ஆட்சேபித்தவர்கள் நம் சேலத்து வக்கீல்கள். வாய்தாவில் அவர்களுக்கு என்ன சிரத்தை என்று கேட்பது மரியாதையாகாது.

திருத்தங்கள் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று; ஆனால் 90 நாள் கெடு அவ்வளவு கெட்டியான வேலியன்று என்றும், கட்சிக்காரர் திடீரென ஆஸ்பத்திரியில் படுத்தாலோ, விபத்தில் சிக்கினாலோ, நாலாவது வாய்தாவும் கொடுக்கலாம் என்றும் 2005 ஆகஸ்டில் நீதிபதிகள் விளக்கினார்கள். அந்தக் கருணைக்குத் திருஷ்டாந்தமாக அவர்கள் காட்டியவற்றில் போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி எல்லாம் உண்டு.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் விஷஜுரத்தில் கிடக்கிறார் என்று, வெற்றிலையைக் குதப்பியபடி குமாஸ்தா சொல்வதை ஒரு முன்சீப் நம்புவதற்குச் சமுத்திரமே சாட்சிக்கு வரவேண்டியிருக்கிறது. அதுவும் சமுத்திரமே இல்லாத ஜில்லாவில்! சட்டம் இவ்வாறு இளகிய பிறகு, கோர்ட்டு வாசலில் டாக்டர் சர்ட்டிபிகேட்டின் விலை என்னவாயிற்று என்று விசாரிப்பது நமது அதிகார எல்லைக்கு உட்பட்டதன்று.