பாத்திரக் கழுவி பாதியில் நிற்பது பற்றிய ஆராய்ச்சி

போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில், பாத்திரம் கழுவும் இயந்திரம் அபூர்வமாகத் தென்படும் உயிரினம். தென்படும் வீட்டிலும், நெத்திலி சம்பல் வைத்த அன்றுதான் அது பாதியில் நின்றுவிடுகிறது. அறிஞர் உலகம் இதைக் கண்டுகொள்ளாதது வருத்தத்துக்குரியது.

முதலில் வரலாறு, அது இல்லாமல் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் ஜோசஃபின் காக்ரேன் 1886-இல் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1893-இல் சிக்காகோ கண்காட்சியில் அதை ஓட்டியும் காட்டினார். மலாக்காவில் டான் சாய் யான் வியாபாரத்துக்கென்று பால்மரம் நட்டது 1896-இல். ஆக, இயந்திரம் பால்மரத் தோட்டத்துக்கு மூத்தது. தோட்டத்துச் சமையற்கட்டுக்கு வந்துசேரத்தான் இத்தனை காலம்.

அது நின்றதும் வீட்டில் கட்சிகள் பிரியும். மின்சாரக் கட்சி பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகும். கண்ணேறுக் கட்சி, காலையில் வந்துபோன பக்கத்து வீட்டு அக்காவை நினைத்துக்கொள்ளும். மூன்றாவது கட்சிக்கு மாமியார் தலைவர்: “கையால தேச்சிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்.” இந்த வாதத்தை முறியடிக்க ஆய்வாளரிடம் ஆதாரம் ஏதுமில்லை.

உண்மையில் இயந்திரம் பழைய கங்காணி மாதிரி பெரட்டு எடுக்கிறது. கதவு பூட்டியாச்சா, தண்ணீர் வந்தாச்சா, சூடு ஏறியாச்சா, அழுக்குத் தண்ணீர் போயாச்சா? ஓர் ஆள் வராவிட்டாலும் அன்றைக்கு வேலை கிடையாது. யார் பெயரைக் கூப்பிட்டபோது நின்றது என்று பார்த்தால் போதும். தொடங்கியவுடன் நின்றால் தண்ணீரின் பெயர்: குழாயைத் திறந்தோமா, அது இயந்திரத்தில் சேரும் இடத்துச் சின்ன வலையில் மண் அடைத்திருக்கிறதா? சூடேறும் நேரத்தில் வீடே இருண்டால் சூட்டுக் கம்பியில் மின்கசிவு இருக்கலாம். அங்கே கை வைக்காமல் வயர்மேனைக் கூப்பிடுவதே அறிவு. வேறெதுவும் ஓடாமல் வெளியேற்றும் பம்பு மட்டும் ஓயாமல் உறுமினால், அடித்தட்டில் தண்ணீர் இறங்கி மிதவை எழும்பியிருக்கும். பல வீடுகளில் இதன் மூலகாரணம், அதற்குரிய தூள் தீர்ந்துபோன அன்று யாரோ ஊற்றிய சாதாரணப் பாத்திர சோப்பு. நுரை கதவிடுக்கு வழியாக இறங்கிவிடும். ஊற்றியவர் முன்வந்து ஒப்புக்கொண்டதாக வரலாறில்லை.

உள்ளே கலங்கல் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? பிளக்கைக் கழற்றிவிட்டு, கீழ்க் கூடையை எடுத்து, அடியிலுள்ள வடிகட்டியைத் திருகி வெளியே எடுக்கவும். கறிவேப்பிலைக் காம்பு, கோழி எலும்புச் சில்லு, மிளகாய் விதை. எல்லாவற்றையும் பிடித்துவைத்த கொழுப்பு. அதன் நடுவே கண் மூடாத நெத்திலித் தலைகள். சம்பல் கருதுகோள் இத்துடன் நிறுவப்பட்டது.

நிற்காமலே நிற்கும் வகையும் உண்டு. உலர்த்தும் கட்டத்தில் இயந்திரம் சத்தமில்லாமல்தான் கிடக்கும். செத்துவிட்டது என்று பதறி அப்பா கதவைத் திறப்பார். அப்போதுதான் அது நிஜமாக நிற்கும். வயர்மேன் வந்து கதவைச் சாத்துவார், ஓடும். பழுது என்று அவர் எதையும் எழுதுவதில்லை. வந்துபோன கூலியை மட்டும் எழுதுவார்.