வாசலில் நின்று கேட்கிற கோமாளி

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் என்றால் பன்னிரண்டு நாளும் கடற்கரையில் மணல் தெரியாது. நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடி ஏறும். அதைச் சுற்றி வளையல் கடை, மஸ்கட் கடை, ஊதல் விற்கிறவர்கள். 1975இல் எனக்கு ஒன்பது வயது. வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு கூடாரத்தின் வாசலில் பபூன் நின்றான். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, கன்னம் வரை இழுத்துவிட்ட சிவப்பு வாய். வியர்வையில் வெள்ளை கரைந்து கழுத்தில் கோடாக வழிந்திருந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவில் இழுத்தான். என் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்தான். நான் அழத் தொடங்க, அதே மாதிரி வாயைக் கோணி அழுது காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாப்பாவும் சிரித்தார்.

அன்றிரவு எனக்குக் காய்ச்சல். உம்மா லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து முகத்தில் தெளித்தா. அதற்குப் பிறகு சில வருடங்கள் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டாலும் நான் போகவில்லை.

ஆனால் அதே காலத்தில் நான் உயிரை விட்டவர்களும் கோமாளிகள்தான். இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடங்கினால் எங்கள் வளவில் பக்கத்து வீட்டாரும் வந்து திண்ணையில் குந்திவிடுவார்கள். எஸ். ராம்தாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம்களின் பேச்சுப் பேசுவார். பி.எச். அப்துல் ஹமீது ஐயராக வருவார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, செல்வசேகரன் உபாலி. இந்து ஒருவர் மரிக்கார், முஸ்லிம் ஒருவர் ஐயர். யாரும் யாரையும் புண்படுத்தியதாக எங்கள் திண்ணையில் ஒருவரும் முறைப்பட்டதில்லை. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற பெயரில் படமாகவும் வந்தது. வானொலிப் பெட்டிக்குள்ளிருந்த அந்த நால்வரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வேண்டாமென்றால் குமிழைத் திருப்பி நிறுத்திவிடலாம். வித்தியாசம் அதுதான் என்று விளங்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

1988இல் தாதியர் சேவையில் சேர்ந்தேன். கிழக்கில் ஓர் ஆஸ்பத்திரியின் சிறுவர் வாட்டில் பல வருடங்கள் வேலை. அந்தக் காலத்து வாட்டில் சத்தம் கூடாது. சிரித்தால் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்ப்பார். நான்கு வயதுப் பிள்ளையின் நரம்பில் கனூலா போடுவதை அப்போது நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன். தாயை வெளியே அனுப்புவோம். ஒருவர் காலைப் பிடிப்பார், ஒருவர் தோளை அமர்த்துவார், ஒருவர் கையை நீட்டிப் பிடிப்பார். மஞ்சள் மூடிக் கனூலாவோடு நான் குனிவேன். நரம்பு கிடைக்காவிட்டால் மற்றக் கை. பிள்ளை வீரிட்டு அழும், பிறகு அழவும் சக்தியில்லாமல் விக்கும். ஒருநாள் ஒரு சின்னப் பையன், சாய்ந்தமருதுப் பிள்ளை, என் வெள்ளை உடுப்பைத் தூரத்தில் கண்டதுமே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தான். நான் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தேன். இழுத்த கையில் அவனுடைய நாடித் துடிப்புத் தெரிந்தது.

கடற்கரையில் வெள்ளை முகத்துக்குப் பயந்து ஓடியவன் நான். இப்போது பிள்ளைகள் ஓடி ஒளிகிற வெள்ளை நானாக இருந்தேன். இது அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் இருந்தது.

உறைத்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 அம்பாறைக் கரையில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒவ்வோர் ஊரிலும் மையத்தும் பிணமுமாகக் கிடந்த நாட்கள். பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. அங்கே மருந்து கட்டப் போயிருந்தபோது, வெளிநாட்டார் ஒருவர் சிவப்பு மூக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். என் வயிறு இறுகியது. அவர் பிள்ளைகளை நோக்கி வரவில்லை. இருபது அடி தள்ளி, மாமரத்துக்குக் கீழே, தன் பையைத் திறக்கத் தெரியாமல் தானாகவே அல்லாடிக்கொண்டிருந்தார். சிப் இழுபடவில்லை. பைக்குள் கை சிக்கிவிட்டது. அரை மணி நேரம். பிள்ளைகள்தான் ஒவ்வொன்றாக அவரிடம் போனார்கள். கடலடித்த நாளிலிருந்து வாய் திறக்காத பெண்பிள்ளை ஒன்று, “இப்படி இல்ல, இப்படி” என்று சிப்பை இழுத்துக் காட்டினாள். அந்த மனிதர் அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த வேலைக்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருந்தது. மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடியக் கலைஞர் போல் ஹோகன், இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் போன்றவர்கள் கூடி உருவாக்கிய இடம். 1990இன் வன்முறைகளுக்குப் பிறகு ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகப் பயந்த காலத்தில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக மண் குழைத்தார்கள், கதை சொன்னார்கள், வேடம் போட்டார்கள். அங்கு வந்த பிள்ளையை யாரும் “அழாதே” என்று சொல்லித் திருத்தவில்லை. விளையாட இடமும் பக்கத்தில் ஓர் ஆளும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் கோமாளி போன கதையில் ஒரு வருடத்தை நான் மறப்பதில்லை. 1986. பிள்ளைகளைக் கொல்லும் கோமாளியைப் படைத்த ஸ்டீபன் கிங்கின் நாவல் வெளிவந்தது அந்த வருடம். பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன் நியூயோர்க்கில் பிள்ளைகளின் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கருகில் கோமாளிகளைக் கொண்டுபோகத் தொடங்கியதும் அதே வருடம்தான். உலகத்துக்குத் தெரிந்தது முதலாவது. படம் பிடித்துப் பிடித்துக் காட்டினார்கள். நம் தமிழிலேயே 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ சர்க்கஸ் கோமாளியைப் பழிவாங்கும் கொலைகாரனாகக் காட்டியது. படம் நல்ல படம்தான். ஆனால் பிள்ளை ஒன்றின் கட்டிலருகே குந்தி மூச்சு வாங்கும் குழாயில் ஊதிக் காட்டிய கோமாளியை யாரும் திரையில் போடவில்லை. ரொபின் வில்லியம்ஸ் நடித்த ‘பாட்ச் அடம்ஸ்’ 1998இல் வந்தபோதுதான் பலர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள்.

பயப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை மறைக்கக்கூடாது. 2008இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 4 முதல் 16 வயது வரையான 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் என்ன படம் வேண்டும் என்று கேட்டார்கள். கோமாளிப் படம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. சுவரில் வரைந்த கோமாளியிடம் “போ” என்று சொல்ல முடியாது, அவன் போகவும் மாட்டான். பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரிக் கோமாளி வாசலில் நின்று “வரலாமா?” என்று கேட்பான். ஊசியை, மருந்தை, இரத்தம் எடுப்பதை எதையுமே மறுக்க முடியாத பிள்ளைக்கு, வாட்டில் மறுக்கக் கிடைக்கிற ஒரே ஆள் அவன்தான்.

போன மழைக்காலத்தில் என் பேத்தி டெங்குவில் படுத்தாள். நாளுக்கு இரண்டு தரம் இரத்தம் எடுத்தார்கள். கையெல்லாம் பஞ்சும் பிளாஸ்டரும். இரண்டாம் நாள் ஓர் இளம் தாதி, என் மகன் வயதுத் தம்பி, சத்திரசிகிச்சைக் கையுறை ஒன்றை ஊதி, விரல்களைக் கொண்டையாக்கி, பேனாவால் கண் வைத்துச் சேவலாக்கிக்கொண்டு திரைச்சீலைக்கு வெளியே நின்றார். சேவலின் தலை மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தது.

“மகள், சேவல் உள்ள வரலாமாம்?”

“ஏலா.”

சேவல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனது. பின்னேரம் மறுபடி வந்து கேட்டது. மறுபடி “ஏலா.” அடுத்த நாள் காலை அவள் என்னிடம், “மூத்தவாப்பா, சேவல் வரல்லியா?” என்று கேட்டாள். வந்தபோது அதன் கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அன்றைக்கு இரத்தம் எடுக்கையில் ஒருவரும் அவளைப் பிடிக்க வேண்டி வரவில்லை. கையை அவளே நீட்டினாள். கண்ணை மட்டும் சேவலை விட்டு எடுக்கவில்லை.

நானும் அந்தத் தம்பியும் கதைத்தோம். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, வேலை கூடின நாளில் செய்ய நேரமில்லை, சிலர் முகம் சுழிக்கிறார்கள் என்றார். முகம் சுழிப்பது எங்கும் உண்டு. இத்தாலியின் ஃபுளோரன்ஸில் சத்திரசிகிச்சைக்குப் போகும் 40 பிள்ளைகளை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது கோமாளி கூட இருந்த பிள்ளைகளுக்குப் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. அங்கு வேலை செய்தவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் வேலைக்கு இடைஞ்சல் என்று பெரும்பாலானோர் அதைத் தொடர விரும்பவில்லை. முப்பது வருடத்துக்கு முந்திய நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த மீளாய்வு ஒன்று 24 ஆய்வுகளில் 1,612 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தது. பலன் உண்டு என்றே அதிலும் கண்டார்கள்.

சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தி லிட்டில் தியேட்டர் குழுவினர் தமிழ்ப் பிள்ளைகளிடம் போகிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பொல்லடி ஆட்டமும் றபான் அடிப்பும் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. வைத்திய அத்தியட்சகர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், பயிற்சி பெற்ற இரண்டு பேரைச் சிறுவர் வாட்டுக்கு விடுங்கள். கை கழுவிவிட்டு வரட்டும், தொற்றுள்ள கட்டிலுக்குத் தாதி சொன்னால் மட்டும் போகட்டும், பிள்ளை “ஏலா” என்றால் திரும்பட்டும். பயிற்சிக்கு ஒரு மூத்த தாதி தேவைப்பட்டால் நான் வருகிறேன்.