கொம்பு தொலைத்த ஈப்போ

மற்ற மொழிக்காரர்கள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டினால் தடித்த எழுத்து மெலியும், சாய்ந்த எழுத்து நிமிரும். அதற்கே புலம்புவார்கள். நமக்கு மொழியே போய்விடும்.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது கித்தா மரமும் இல்லை, லயமும் இல்லை; எல்லாம் செம்பனை. அதனாலேயே பழைய ஆட்கள் ஈப்போவில் ஒன்றுகூடல் வைத்து நினைவு மலர் போடுகிறோம். 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்து துரையைச் சுட்டதும், அதையொட்டி அவசரகாலம் வந்ததும் பற்றி ஓய்வுபெற்ற கிராணி ஐயா உருகி எழுதியிருந்தார், பாமினி எழுத்துருவில். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குக் கட்டிவிட்ட தமிழ் வேட்டி. இடம் மாற்றி ஒட்டினேன், வேட்டி அவிழ்ந்தது. அம்மா இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கட்டுரையில் உயிர் தப்பியவை 1948ம் 16ம் மட்டும். எண்களுக்குப் பாமினி வேஷம் கட்டுவதில்லை.

"நான் தமிழ்லதானே தம்பி அடிச்சேன்?"

"ஆமாங்கையா. பார்வைக்கு."

யூனிகோடு 1991லேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிவிட்டது. நம் மலேசியர் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினியோடு கூடவே வருகிறது. இந்தப் பெருமையெல்லாம் பேசி, கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றி அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்ததோ பழைய வடிவமைப்பு மென்பொருள்.

யூனிகோடில் 'தோ' என்றால் 'த' முதலில் உட்காரும். கொம்பும் காலும் அதற்குப் பின்னால். கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. பழையதுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. எங்கள் வட்டாரத்திலோ கொம்பில்லாத பெயர் அபூர்வம்: பேராக், ஈப்போ, புந்தோங், தெலுக் இந்தான். தோட்டம், கோயில் இரண்டும் கேட்கவே வேண்டாம். கம்பாரும் தாப்பாவும்தான் கீறல்படாமல் வந்தன.

விலகிய கொம்புகளின் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக வட்டங்கள் வேறு. தமிழ் எழுத்து தெரியாத அச்சகத்துச் சீனத் தம்பி அவற்றைக் கோலம் என்று நினைத்து, ஒன்றுவிடாமல் சிவப்பு அடித்திருந்தான்.

"நல்லா இருக்கா, அங்கிள்? தீபாவளி மாதிரி இல்ல?"

அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். அவன் முதலாளி அனுபவசாலி. யூனிகோடெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது, எல்லாத் தமிழ்ச் சங்கமும் பாமினியில்தான் கொண்டுவரும் என்றார். முழுக் கட்டுரையையும் திரும்பப் பாமினிக்கு மாற்றிக் கொடுத்தேன். கொம்புகள் அவரவர் இடத்தில் நின்றன.

மலர் வந்ததும் கிராணி ஐயா புரட்டிப் பார்த்தார்.

"இதைத்தானே தம்பி நான் முதல்லயே குடுத்தேன்?"