கேளுங்கள், சொல்கிறேன்: திருக்காட்டுப்பள்ளி ஸ்பெஷல்

வாழைக்காய் வியாபாரி, திருக்காட்டுப்பள்ளி
எங்க ஊர் சுவாமி அக்னீஸ்வரர். அக்னி பூஜித்த தலம். காவிரிக் கரையில் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்துவதும் ஒருவகை யாகம்தானே?

அக்னிக்கு நெய்யும் சமித்தும் ஜீரணமாகும். பாலிதீன் பையைக் கொடுத்தால் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை உங்கள் மூக்குக்கு அனுப்பிவிடுவார். குப்பைமேட்டுத் தீயில் சூடும் போதாது, காற்றும் போதாது. எனவே கரித்தூள், கார்பன் மோனாக்சைடு, புற்றுநோய் வரவழைக்கும் சில ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் கிளம்பும். பி.வி.சி. துண்டு சேர்ந்தால் டையாக்சினும் உண்டு. இந்த யாகத்துக்குத் தட்சிணையும் நிர்ணயித்தாகிவிட்டது. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது: சாதாரணமாகக் கொளுத்தினால் 5,000 ரூபாய், பெருமளவில் கொளுத்தினால் 25,000 ரூபாய்.

பிளஸ் டூ மாணவி, திருக்காட்டுப்பள்ளி
கடல் நடுவே பிளாஸ்டிக் எரிந்தால் தண்ணீர் அணைத்துவிடாதா?

கொழும்புக்காரர்களைக் கேளுங்கள். 2021 மே 20 அன்று, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே 1,486 கன்டெய்னர்கள். அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலம். சுற்றிலும் கடல் இருந்தும் தீ நாள்கணக்கில் எரிந்தது. ஜூன் 2 அன்று கப்பல் மூழ்கத் தொடங்கியது. ஜவ்வரிசி அளவிலான பிளாஸ்டிக் குருணை சுமார் 1,680 டன் கடலில் கலந்தது. செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கின.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பூதலூர்
எரிந்துபோனதை விடுங்கள். எரியாமல் தப்பியதுதானே ஆபத்து?

இரண்டும்தான். ஆனால், எரிந்தது கூடுதல் வில்லன். இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வாளர்களும் கரை ஒதுங்கியதை அள்ளிப் பரிசோதித்தார்கள். எரிந்த துண்டுகளில் இருந்த ரசாயனக் கலவை, எரியாத குருணையில் இருந்ததைவிட மூன்று மடங்கு சிக்கலானது. இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளைக் குருணை மணலில் பளிச்சென்று தெரியும், பொறுக்கலாம், சலிக்கலாம். உருகிக் கருகியதோ கூழாங்கல் வேஷம் போட்டுக் கிடக்கும். துப்புரவு செய்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருக்காட்டுப்பள்ளி
தஞ்சாவூர் ஜவுளிக்கடையில் என் வீட்டுக்காரர் தொலைந்துபோனார். மேப்பில் பார்த்தால் நீலப்புள்ளி எதிர்த்த டீக்கடையில் நிற்கிறது. போன் பொய் சொல்லுமா?

முதலில் டீக்கடையில் விசாரித்துவிடுங்கள் அம்மா. அங்கே இல்லையென்றால் மட்டும் போனைச் சந்தேகிக்கலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிகப் பலவீனமானது. கான்கிரீட்டைத் துளைத்து வர அதற்குத் தெம்பில்லை. அதனால் கட்டடத்துக்குள் போன் வேறு வழி பார்க்கும். எந்த வைஃபை பெட்டியின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்று அளந்து, முன்பே பதிந்து வைத்த பட்டியலோடு ஒப்பிடும். 2000-இல் இந்த வழியைக் காட்டிய ‘ரேடார்’ ஆய்வை மைக்ரோசாஃப்டில் செய்த இருவரும் நம்மவர்கள்: பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும். புளூடூத் கருவிகளும், காலடியை எண்ணும் சென்சாரும் இதற்குத் துணை. இந்த ஏற்பாடு சரியாக அமையாத கடையில் புள்ளி தெருவில் நின்றாலும் நிற்கும்.

அதே வாசகி
எந்த மாடி என்றாவது சொல்லுமா?

சில போன்களில் காற்றழுத்தமானி இருக்கிறது. ஒரு மாடி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.35 மில்லிபார் குறையும்; அதை வைத்துக் கணக்குப் போடும். அவர் பட்டுப்புடவை மாடிக்குப் போயிருக்க மாட்டார். பில் போடும் இடம் அது.

செல்போன் பழுதுபார்ப்பவர், திருக்காட்டுப்பள்ளி
மாடியையே கண்டுபிடிக்கும் காலத்தில், அவ்வளவு பெரிய கொழும்புக் கப்பலை எப்படிக் கோட்டை விட்டார்கள்?

இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது ஐயா. தீப்பிடிப்பதற்கு முன்பே அந்தக் கப்பலில் அமிலம் கசிந்தது. கசியும் கன்டெய்னரை இறக்கிவிடக் கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் கேட்டார்கள். குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் இடம் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. இடம் தெரிவது ஒன்று, பொறுப்பேற்பது வேறு.

குறுவை விவசாயி, திருக்காட்டுப்பள்ளி
எல்லாம் சரி, கொழும்புக் கப்பலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்தது. கடலில் எல்லைக்கல் கிடையாது. உங்கள் ஊர்க் கரையில் கொளுத்திய சாம்பலையும் கருகிய கட்டியையும் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது அள்ளிக்கொண்டு போகும். வாய்க்காலில் புகுந்தால் முதல் விருந்து உங்கள் வயலுக்குத்தான். தீ வைத்தால் பிளாஸ்டிக் ஒழியாது, விலாசம்தான் மாறும். ஆகவே தீப்பெட்டியைச் சுவாமி விளக்குக்கு மட்டும் எடுங்கள். குப்பையை மட்கும், மட்காத என்று பிரித்துத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள்.