சாலைக் கேள்வி-பதில்: கிட்டார்காரர் கிளம்பினால்...

நம்ம ஊர்ப் பையன்கள் பேண்டுக்கு 'அவியல்' என்று பேர் வைத்தார்கள். ஒரு காய் குறைந்தாலும் அது அவியல்தானா?
- காய்கறி வியாபாரி, சாலைக் கடைத்தெரு

காய் விற்கிற நீங்கள் என்னிடம் கேட்கிறீர்களே! சேனை இல்லையென்றால் வெள்ளரி. தேங்காய் அரைப்பு இல்லையென்றால்தான் அது வேறு கறி. 2003-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய அந்தக் குழுவின் அரைப்பு இரண்டு: ரெக்ஸ் விஜயனின் கிட்டார், மலையாளத்தில்தான் பாடுவோம் என்ற பிடிவாதம். 2008-இல் வந்த முதல் ஆல்பத்தில் பாடிய ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் பிறகு விலகினார். கூடவே இருந்த டோனி ஜான் மைக்கைப் பிடித்துக்கொண்டார். கச்சேரி நிற்கவில்லை. 'நட நட' என்றால் பழைய குரல்தான் என்று சாதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நான் உட்பட.

பாடகர் போனால் நட்டமா, கிட்டார்காரர் போனால் நட்டமா?
- கல்லூரி மாணவி, கரமனை

இரண்டையும் அனுபவித்தவர்கள் கொச்சி மதர்ஜேன் குழுவினர். அங்கே முன்பு கிட்டார் வாசித்தவர் நம் ரெக்ஸ்தான். அவர் போன இடத்துக்கு பைஜு தர்மஜன் வந்தார். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீத கமகத்தை இழுத்து, வெளிநாட்டுக்காரனையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 2008-இல் 'மக்தூப்' ஆல்பம், கைத்தட்டல், புகழ். 2010-இல் பைஜு கிளம்பினார். பிறகு பாடகர் சூரஜ் மணியும் போனார். டிரம்ஸ் ஜான் தாமஸும் பேஸ் கிளைட் ரொசாரியோவும் கடையைப் பூட்டாமல் காத்தார்கள்.

என் தீர்ப்பு: பாடகர் போனால் ரசிகருக்கு அன்றைக்கே தெரியும். கிட்டார்காரர் போனது அடுத்த ஆல்பத்தில்தான் தெரியும். ஆனால் அந்த நட்டம்தான் பெரிது. சாட்சி கேட்பீர்களே: ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஜூலையில் புதுப் பாடகருடன் 'பேக் இன் பிளாக்' வந்து, உலகத்தில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றானது. கிட்டார் அண்ணன் தம்பிகள் இருவரும் இடத்தை விட்டு அசையவில்லையே!

ஒருவர் இடத்தை ஒருவரால் நிரப்ப முடியுமா?
- தபேலா வாசிப்பவர், வலியசாலை

உங்கள் வாத்தியத்திலேயே பதில் இருக்கிறது. டெல்லி 'இந்தியன் ஓஷன்' குழுவில் அஷீம் சக்ரவர்த்தி தபேலா வாசித்துக்கொண்டே பாடுவார். 2009 டிசம்பரில் அவர் இறந்தபின், பாட்டுக்கு ஒருவர், தபேலாவுக்கு ஒருவர் என்று இரண்டு பேரைச் சேர்த்தார்கள். 2013-இல் தொடக்க காலக் கிட்டார்காரர் சுஷ்மித் சென்னும் விலகினார். குழு இன்றும் வாசிக்கிறது.

கொச்சிக்காரர்கள்தான் கேரள ராக்கில் மூத்தவர்களாமே?
- ஆட்டோ ஓட்டுநர், ஆரியசாலை

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 13 ஏ.டி. குழு 1970-களிலேயே ஓட்டல் மேடை ஏறியது. 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' போட்டது. நமக்கு பத்மநாபசுவாமி இருக்கிறார், விடுங்கள்.

பேண்டில் எல்லாச் சண்டைக்கும் தலைக்கனம்தானே காரணம்?
- நகைக்கடை ஊழியர், கிழக்கேகோட்டை

தலைக்கனம் வெளியே தெரிகிற புகை. நெருப்பு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒத்திகை அறையில் நடப்பதைப் பாருங்கள். பாடகர் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பார். கிட்டார்காரர் தலையாட்டி ஆம்ப்ளிஃபயரைக் குறைப்பார். இரண்டாம் சரணத்தில் சுண்டுவிரலால் பழையபடி ஏற்றிவிடுவார். டிரம்மர் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். இதையெல்லாம் சாயாவோடு தீர்த்துவிடலாம்.

தீராதது வேறு. மேடைக் கூலியை ஐந்தாகப் பிரிக்கலாம். பாட்டைப் படைத்ததற்கான ராயல்டியோ எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும்தான் போகும். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபின் அந்த உரிமை இன்னும் கெட்டி. 'அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்த தாளம் என்னுடையது' என்று டிரம்மர் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள், பணமும் தரமாட்டார்கள். சினிமா வந்தால் பள்ளம் இன்னும் பெரிதாகும். ரெக்ஸ் 2011-இல் 'சாப்பா குரிசு' படத்துக்கு இசையமைத்தார். தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் கோவிந்த் வசந்தா 2018-இல் '96' மூலம் தமிழ்நாட்டையே அழவைத்தார். இருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் சினிமா டைட்டிலில் ஒரு பேருக்குத்தான் இடம். ஒத்திகைக்கு ஒதுக்கிய தேதிதான் முதலில் பலியாகும்.

மேடையிலேயே அடித்துக்கொண்டது உண்டா?
- ஓய்வுபெற்ற தபால்காரர், மணக்காடு

1980-இல் அமெரிக்காவின் லாங் பீச்சில் ஈகிள்ஸ் குழுவின் கிளென் ஃபிரேயும் டான் ஃபெல்டரும் பாட்டுக்குப் பாட்டு 'இறங்கியதும் உன்னைக் கவனிக்கிறேன்' என்று முறைத்துக்கொண்டார்கள். குழு கலைந்தது. 1994-இல் திரும்பக் கூடினார்கள். கணக்குப் போட்டால் சரியாகப் பதினான்கு வருஷ வனவாசம். பட்டாபிஷேகமும் நடந்தது. 2001-இல் ஃபெல்டரை நீக்கினார்கள், அவர் கோர்ட்டுக்குப் போனார். வால்மீகி இதை எழுதவில்லை.

பிரிந்தால் பேர் யாருக்கு?
- வாசகர், கிள்ளிப்பாலம்

யார் தொடர்ந்து வாசிக்கிறாரோ அவருக்கு என்பது பொதுவான அனுபவம். பிங்க் ஃபிளாய்டிலிருந்து 1985-இல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ், நான் இல்லாமல் அந்தப் பேர் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனார். 1987-இல் சமரசம் ஆனபோது பேர் மற்றவர்களிடமே நின்றது. இவர் கைக்கு வந்தவற்றில் மேடைமேல் பறக்கும் பிளாஸ்டிக் பன்றியின் உரிமையும் ஒன்று. வழக்குப் போட்டது தப்பு என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ராக் வாசித்து வயிறு நிறையுமா?
- பெயர் வேண்டாம், அட்டக்குளங்கரை

ஆ. மாதவன் இதே சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே கதை எழுதினார். 2015-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். புரிந்திருக்கும்.

மகன் நண்பர்களோடு பேண்ட் ஆரம்பித்திருக்கிறான். இப்போதே சண்டை. என்ன செய்ய?
- பலசரக்குக் கடைக்காரர், சாலை

உங்கள் கடையில் பங்காளி சேர்த்தபோது என்ன செய்தீர்கள்? அதையே செய்யச் சொல்லுங்கள். பேர் யாருக்குச் சொந்தம், பாட்டுக்குக் கீழே யார் பேர் வரும், ஒலிப்பதிவு யார் கையில் இருக்கும், விலகுகிறவர் எத்தனை மாதம் முன்னால் சொல்லவேண்டும், வாங்கிய ஸ்பீக்கர் யாருக்கு என்று முத்திரைத்தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். பேரை வணிகக்குறிச் சட்டப்படி 41-ஆம் வகுப்பில் பதிவு செய்யலாம். பொழுதுபோக்குச் சேவைகள் அதில்தான் வரும். முதல் கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். காசு வந்தபிறகு யாரும் பேனாவை எடுக்கமாட்டார்கள்.