கொட்டாவிக்காரர்

திண்டுக்கல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு தொடங்கியதும் இரண்டு வகை ஆட்கள் கண்ணில் படுவார்கள். ஒருவர் அறிமுகத் திலகம். முதல் நாள் மதியத்துக்குள் வகுப்பிலுள்ள அத்தனை பேரின் எண்ணையும் வாங்கி, வாட்ஸ்அப் குழு தொடங்கி, தானே அட்மினாகவும் ஆகிவிடுவார். மற்றவர் கொட்டாவிக்காரர். நிலக்கோட்டைப் பக்கத்துக்காரர் என்றால் விடியுமுன் வீட்டாரோடு மல்லி பறித்துவிட்டு வந்திருப்பார். ஊருக்குள்ளேயே அறை எடுத்தவர் என்றால் முந்தைய இரவு பிரியாணிக் கடையில் இலை போட்டிருப்பார். நத்தத்துக்காரர் என்றால் பஸ்ஸே அவரைப் பாதி சாப்பிட்டிருக்கும். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பெயர், ஊர், "அவ்ளோதான் சார்." அதற்கு மேல் வாய் திண்டுக்கல் பூட்டுதான். 'இது தேறாத கேஸ்' என்று வகுப்பு முடிவுகட்டிவிடும். ஆனால் நிலைக்கிற நட்பு இவருக்கே அமையும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மணமான மாணவர்கள் குடியிருந்த வீடுகளை ஆராய்ந்து லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர் 1950-இல் எழுதினார்கள். யாருக்கு யார் நண்பர் என்பதைப் பெரும்பாலும் வாசல்களின் நெருக்கமும் மாடிப்படியும் தீர்மானித்தனவாம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் மணிக்கணக்கே போட்டுவிட்டார்: மேலோட்டமான நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நட்புக்கு 90, நெருங்கிய நட்புக்கு 200-க்கு மேல். நத்தத்திலிருந்து கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். போக வர இரண்டு. ஆக, பக்கத்து சீட்காரர் 45 நாளில், அதாவது பாதி செமஸ்டரில், நண்பராகிவிடுவார். திலகமோ அத்தனை பேருக்கும் நாளுக்கு இரண்டு நிமிடம் பங்கு வைத்துக்கொண்டிருப்பார்.

"தூங்கிய நேரமும் கணக்கில் சேருமா?" என்பீர்கள். நியாயம்தான். வகுப்பிலும் வேலையிலும் சேர்ந்திருக்கிற நேரம் நெருக்கத்தை அவ்வளவாக வளர்ப்பதில்லை என்று ஹாலே சொல்கிறார். சும்மா சேர்ந்திருப்பதும் சிரிப்பும்தான் வளர்க்கின்றன. தூக்கத்துக்குப் பாதியைக் கழித்தாலும் 90 நாள், ஒரே செமஸ்டர்தான். மீதி நேரத்தில் பஸ் தன் வேலையைச் செய்யும். உட்கார்ந்திருப்பவர் மடியில் நிற்பவர் பையை வைப்பது நம்மூர்ச் சட்டம். அடுத்தவர் டிபன் பாக்ஸ் சாம்பார் ஒருமுறை மடியில் கசிந்துவிட்டால் அறிமுக உரை எதற்கு? களைத்தவருக்கு நடிக்கத் தெம்பில்லை. முதல் நாளே அசல் முகத்தைக் காட்டிவிடுகிறார், அதுவும் வாய் பிளந்தபடி.

"பஸ் நட்பு பஸ் ஸ்டாண்டோடு சரி" என்றும் சொல்வார்கள். செமஸ்டர் முழுக்க சீட் பிடித்துக் கொடுத்தவர் நோட்ஸ் கொடுக்க மாட்டாரா? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாகத் தூங்கியும் தீராத சோர்வு, யாரையும் பார்க்கவே பிடிக்காத சோர்வு என்றால் அது கேலிக்குரியதல்ல. அவருக்குத் தேவை மருத்துவர். மற்றபடி வெறும் தூக்கக் கடன்காரர்களுக்குக் கல்லூரிகள் ஓர் உதவி செய்யலாம். வரவேற்பு விழாவில் மேடையேற்றிப் பேச வைப்பதற்குப் பதில், ஒரே ரூட்காரர்களை ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டு, நத்தம் பஸ் கிளம்பும் முன் நன்றியுரையை முடித்தால் போதும்.