நீர்நாய் கடக்கும் இடம்

லெர்விக், ஷெட்லாந்து
ஜூன் 21

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது.

போனில் நீங்கள் திட்டியது இன்னும் காதிலேயே இருக்கிறது. “சீமைக்குப் போனவன் அரண்மனை முன்னால நின்னு ஒரு போட்டோ அனுப்புவான். நீ என்னடான்னா போர்டு போர்டா அனுப்புற!”

மாமா, நான் இருப்பது லண்டன் இல்லை. ஸ்காட்லாந்தின் வடகோடியில், கடலுக்கு நடுவில். மொத்த ஜனமே ஏறக்குறைய 23,000. ஆடுகள் அதைப்போல் பல மடங்கு. மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், காற்றும் ஆடும் வளரவிடாது. முதியோர் இல்லத்தில் டியூட்டி முடித்து வெளியே வந்தால் ஆடு, கடல், போர்டு. இந்த மூன்றில் போட்டோவுக்கு ஆடாமல் நிற்பது போர்டு ஒன்றுதான்.

“நாய் படம் எதுக்கு?” என்று அத்தை கேட்டார்களாமே, அது நீர்நாய். ரோட்டைக் கடக்கும், மெதுவாகப் போ என்று எச்சரிக்கை. எட்டு மாசமாக மெதுவாகத்தான் போகிறேன். ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. கூட வேலை செய்யும் ஒரு அம்மா சிரித்தார். “எங்கள் ஊர்ப் பெயரே புலிவனம். புலிக்கால் முனிவர் வந்து கும்பிட்ட கோயில் என்பார்கள். ஆனால் புலியை எங்கள் தாத்தாவே பார்த்ததில்லை” என்றேன். அன்றிலிருந்து இல்லத்தில் எனக்குப் பெயர் ‘டைகர்’.

அடுத்தது, கேட் போட்டு வண்டிகள் நிற்கும் படம். ரயில் வரப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். வருவது விமானம்! சம்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதைக்குக் குறுக்கேதான் தார்ரோடு போகிறது. விமானம் போனதும் கேட்டைத் திறப்பார்கள். நம் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் வேர்க்கடலை விற்று முடித்திருப்பார்கள்.

ரோட்டோரம் நிற்கும் ஃபிரிட்ஜ், யாரும் தூக்கிப் போட்டதல்ல. ஏத் என்ற ஊர்ப்பக்கம் அது ஒரு கடை. உள்ளே கேக், பக்கத்தில் காசுப் பெட்டி, ஆள் கிடையாது. நாமே எடுத்துக்கொண்டு காசைப் போட வேண்டும். நான் காசைப் போட்ட பிறகும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். காசு போட்டதற்குச் சாட்சி வேண்டுமே!

சோபாவும் டிவியும் இருக்கிற படம் என் ரூம் இல்லை, மாமா. அன்ஸ்ட் தீவில் ஒரு பஸ் நிழற்குடை. பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பையன் 1996 வாக்கில், எனக்கு நிழற்குடை வேண்டும் என்று கடிதம் எழுதினானாம். நிழற்குடை கிடைத்தது. பிறகு யார் யாரோ சோபா வைத்தார்கள், திரை போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு அலங்காரம். இரண்டு படகு மாறிப் போய்ப் பார்த்தேன். நம் ஊர் நிழற்குடையிலும் எல்லாம் உண்டு, உட்கார இடம் தவிர.

ராத்திரி பதினொரு மணிக்கும் இங்கே வெளிச்சம் போகவில்லை. தூக்கம் வராமல் யோசித்தேன். நம் ஊரில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று சுவரை அடைத்து எழுதியிருப்பதையும், டீக்கடையில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற போர்டுக்குக் கீழேயே கடன் நோட்டு தொங்குவதையும் நான் ஒரு நாளும் படம் எடுத்ததில்லை. இவ்வளவு ஏன், நம் பக்கத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைவிடப் பெரிய போர்டு உலகத்தில் எங்கே இருக்கிறது? பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலுக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்தச் சுவரில் சாய்ந்து நின்று பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணியவன் நான்.

ஆகவே, புதுப் போன் வாங்க நான் அனுப்பிய 15,000 ரூபாயில் போன் வாங்கியிருந்தால், முதல் படம் அந்தச் சுவராக இருக்கட்டும். வாங்கவில்லை என்றால் கணக்கையாவது அனுப்பிவிடுங்கள். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய அக்கா தங்கை பிள்ளைகளும் தேர்தலில் நிற்கக்கூடாது என்று அந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. உங்கள் அக்கா பிள்ளை நான்தான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன் ‘டைகர்’